வெட்டி எடுத்த பத்தி

(வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளமையில் என்னை ஆட்கொண்ட பெரியோர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கடிதம் எழுதியபோது, ஒரு கவிஞரையோ, தேசபக்தரையோ, சமயப் பெரியாரையோ நான் தேர்ந்தெடுப்பேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை நான் அறியாதவன் அல்லேன். ஆயினும், பத்து வயதில் இரவு விளக்கை அணைத்துப் பாயில் படுத்தபின் நான் யாரை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன் என்பதை உள்ளபடி சொல்வதானால், அவர் கவிஞரும் அல்லர், மகானும் அல்லர். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்து, கையில் ஒரு டென்னிஸ் மட்டையுடன் கடல் கடந்து போய் ஆடி வந்த ராமநாதன் கிருஷ்ணன் என்பவரே ஆவார். ‘முன்மாதிரி’ என்று இன்று நீங்கள் எளிதாகச் சொல்லும் சொல் அந்நாளில் எங்கள் காதில் விழுந்ததே இல்லை. ‘அவரை மாதிரி ஆகணும்’ என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாஷை. அந்த ‘மாதிரி’ என்பது எத்தகையது என்று எனக்கு விளங்குவதற்கு ஆறு வருஷங்கள் பிடித்தன.

என் ஊர் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர். தாலுகா ஆபீசுக்குப் பின்புறம் உத்தியோகஸ்தர்களுக்கென்று ஒரு கிளப்பும், அதையொட்டிச் செம்மண்ணை அரைத்துக் கெட்டித்த ஒரு டென்னிஸ் களமும் இருந்தன. மாலை ஐந்து மணிக்கு முனிசீப்பும் தாசில்தாரும் ஆஸ்பத்திரி டாக்டரும் வெள்ளுடையில் வந்து இறங்குவார்கள். நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று, மூக்கைக் கம்பியில் அழுத்திக்கொண்டு பார்ப்போம். உள்ளே போகும் உரிமை பந்து பொறுக்கும் இரண்டு பையன்களுக்கு மட்டுமே உண்டு. அவர்கள்மேல் எங்களுக்கு இருந்த பொறாமையை என்னால் வருணிக்க முடியாது. ரோமமெல்லாம் உதிர்ந்து வழுக்கையாகிப்போன பழம்பந்துகளைக் கிளப்பின் மார்க்கர் ஓரணாவுக்கு ஒன்று என்று எங்களுக்கு விற்பார். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட பலகையைப் பிடிவைத்து இழைத்தால் மட்டை. இரண்டு முளைகளுக்கு நடுவே கிணற்றுக் கயிற்றைக் கட்டினால் வலை. கயிற்றுக்குக் கீழே போன பந்து மேலே போனதாகச் சாதிக்கும் சாமர்த்தியமும் அந்த ஆட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது.

அந்த வேலிக்கு உள்ளே இருந்த விளையாட்டு துரைமார்களின் விளையாட்டு, அவர்கள் போனபின் உத்தியோகஸ்தர்களின் விளையாட்டு என்பதே ஊராரின் எண்ணம். அப்படிப்பட்ட விளையாட்டில், நாகர்கோவிலில் 1937-ஆம் ஆண்டில் பிறந்த ஒருவர், தம் தந்தையார் டி. கே. ராமநாதனிடமே பாடம் கற்று, பதினேழாவது வயதில் 1954-இல் விம்பிள்டனுக்குப் போய், சிறுவர்களுக்கான பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துப் பட்டத்தை வென்று வந்தார் என்றால், வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆசியாவிலிருந்து போன எவரும் அதற்குமுன் அந்தப் பட்டத்தைப் பெற்றதில்லை. அந்தக் கூப்பரோ நான்கு வருஷங்களில் பெரியவர்களுக்கான விம்பிள்டன் பட்டத்தையே வென்றவர். பெயரிலும் எங்களுக்கு ஓர் ஆனந்தம் இருந்தது. எங்கள் தெருவிலேயே நாலு கிருஷ்ணன்கள் உண்டு. அப்பா பெயர் முன்னும் பிள்ளை பெயர் பின்னுமாக நம் வழக்கப்படியே அமைந்த ஒரு பெயரை வெள்ளைக்காரன் முழுதாக உச்சரித்துத்தானே ஆக வேண்டும் என்பதில் நாங்கள் கண்ட திருப்தி அற்ப திருப்திதான். இருந்தாலும் அது திருப்தியே.

1959-ஆம் வருஷம் லண்டன் குவீன்ஸ் கிளப் பட்டத்தை அவர் ஜயித்தார். அதே வருஷம் நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் ராட் லேவரை வென்றார். மறு வருஷம் விம்பிள்டனில் முன்னணி ஆட்டக்காரர்களின் வரிசையில் அவருக்கு ஏழாவது இடம் கொடுத்திருந்தார்கள். 1960-ஆம் வருஷத்து ஜூன் மாதக் கடைசியில் நான் வாசகசாலையை விட்டு நகரவே இல்லை. ஆங்கிலப் பத்திரிகை பிற்பகல் பஸ்ஸில் வரும். லண்டன் செய்தி அதில் ஒரு நாள் பிந்தியே வரும். ஆகவே அவர் ஆடி முடித்து, குளித்துச் சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகும்கூட எங்கள் ஊரில் அவர் இன்னும் ஆடிக்கொண்டே இருப்பார். அந்த ஒரு நாள் இடைவெளியில் நான் எத்தனை வேண்டுதல்கள் செய்துகொண்டேன் என்பதற்குக் கணக்கு இல்லை. முடிந்துபோன காரியத்துக்கு வேண்டிக்கொள்கிறோமே என்ற எண்ணம் பத்து வயதில் உதிப்பதில்லை.

அரையிறுதியில் நீல் ஃபிரேசர் என்ற ஆஸ்திரேலியரிடம் அவர் தோற்றார்; மூன்று செட்களிலும் தோற்றார். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை மேஜைமேல் முதலில் பார்த்தவன் நானே. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. இதை ஊரில் வேறு ஒருவரும் படிக்கக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் வந்தது. பென்சில் சீவுவதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த அரை பிளேடால் அந்தப் பத்தியை நேர்த்தியாக வெட்டி எடுத்து, நான்காக மடித்து, டிராயரின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தோல்வியையே உலகத்திலிருந்து எடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. பத்தியின் பின்பக்கத்தில் பருத்தி விலை நிலவரம் இருந்தது என்பதும், ஊரில் அதற்காகவே வாசகசாலைக்கு வரும் கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் உண்டு என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் வாசகசாலைக் காரியஸ்தர் என்னைக் கூப்பிட்டார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். வாத்தியார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எவரிடமும் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. ‘ஏலே, வெட்டினது நீதானே?’ என்றார். நான் காலின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். இடுப்பு வியர்வையில் நனைந்து அது கூழாகிப் போயிருந்தது. அவர் அடிக்கவில்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஆள் அனுப்பி அதே தேதிப் பத்திரிகையை வரவழைத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தையும் மசிக்கூட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, ‘இந்தப் பக்கத்தையும் எழுது, அந்தப் பக்கத்தையும் எழுது, எழுதி ஒட்டிட்டுப் போ’ என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்பர்களே, ஒரு தோல்வியை எழுத்தெழுத்தாகப் பிரதி செய்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ அறியேன். படிக்கும்போது கண் துள்ளிப் போய்விடும். எழுதும்போது துள்ள முடியாது. எனக்கு ஆங்கிலம் அப்போது அரைகுறைதான். புரியாத சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது. எழுத எழுத, முந்தின நாள் நான் காணாத சங்கதிகள் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. உலகெங்கிலுமிருந்து வந்த அத்தனை பேரிலும் மீந்து நின்ற நால்வரில் ஒருவராக அவர் ஆடினார் என்பது தெரிந்தது. ஃபிரேசர் இடக்கைக்காரர் என்பதும், அவருடைய சர்வீஸ் இடிபோல் இறங்குவது என்பதும் தெரிந்தன. சில நாட்களில் அந்த ஃபிரேசரே பட்டத்தையும் வென்றார் என்ற செய்தி வந்தபோது, அதையும் நானே ஒருவரும் கேளாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒட்டிய பத்தியின் கீழே செருகி வைத்தேன். பருத்தி நிலவரத்தில் ஓர் எண்ணைத் தவறாக எழுதி மண்டிக்காரரிடம் வசவு வாங்கியது வேறு கதை.

அடுத்த வருஷம் கதை மறுபடியும் அரையிறுதி வரையில் வந்தது. கால் இறுதியில் ராய் எமர்சனை 6–1, 6–4, 6–4 என்று நேர் செட்களில் அவர் வென்றார். எமர்சன் அந்த ஜனவரியிலேதான் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றிருந்தவர். பின்னாளில் அவர் குவித்த பட்டங்களை டென்னிஸ் அறிந்தோர் அறிவர். ஆனால் அரையிறுதியில் எதிரே நின்றவர் ராட் லேவர். நடுவிலே ஒரு செட் 8–6 வரை இழுபட்டது. மற்ற இரண்டும் விரைவிலேயே முடிந்தன. லேவரும் இடக்கைக்காரர், லேவரும் அவ்வருஷத்துச் சாம்பியன். இரண்டு வருஷங்களாக அரையிறுதியில் இரண்டு இடக்கை ஆஸ்திரேலியர்கள்! எங்கள் பலகை மட்டைக் கூட்டத்தில் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ள ஒரு பையன் இருந்தான். அந்த ஜூலை மாதம் முழுவதும் அவனை நாங்கள் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. அவன் கிணற்றடியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீரரை வழிபடும் பிள்ளைகள் எவ்வளவு எளிதில் கொடியவர்களாகிவிடுகிறார்கள் என்பதை முன்மாதிரிகளைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

இவ்வளவு அபிமானம் வைத்திருந்த நான், அவர் ஆடியதைக் கண்ணால் கண்டவன் அல்லேன். என் மனத்தில் நானே ஓர் ஆட்டக்காரரைச் சிருஷ்டித்து வைத்திருந்தேன். அவர் ஆஜானுபாகு, அடித்தால் பந்து எதிராளியின் மட்டையைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தக் கற்பனையை அனுசரித்தே நானும் பலகையை ஓங்கி ஓங்கி அடித்து, பாட்டி முற்றத்தில் காயப் போட்டிருந்த வடகத்தை ஒரே வாரத்தில் இருமுறை சேதப்படுத்தினேன். பிறகு ஒரு டிசம்பர் மாதம், சென்னையில் இருந்த என் தாய்மாமா என்னை ஒரு பந்தயத்துக்கு அழைத்துப் போனார். காலரியின் மேல்படியில் இருவரும் இடுக்கி உட்கார்ந்தோம்.

களத்துக்குள் வந்தவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் உண்டானது ஏமாற்றமே. நடுத்தர உயரம், சற்றே பருத்த தேகம், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க வருகிறவர் போன்ற சாவதானமான நடை. அவர் சர்வீஸ் போட்டபோது பந்து ஏதோ தயங்கித் தயங்கிப் போவதாக எனக்குத் தோன்றியது. ‘இவர்தானா மாமா?’ என்று கேட்டேன். மாமா பதில் சொல்லாமல், ‘பந்தைப் பார்க்காதே, எதிரே நிற்கிறவனைப் பார்’ என்றார். அவ்வாறே பார்க்கலானேன். எதிரே நின்ற இளைஞர் நல்ல பலசாலி. அவர் ஓங்கி அடிக்கிறார். பந்து திரும்பி வருகிறது, ஆனால் அவர் நிற்காத இடத்துக்கு வருகிறது. ஓடிப் போய் எடுக்கிறார். இப்போது விட்டுவந்த இடத்துக்கு வருகிறது. வலையண்டை வந்து நின்றால் தலைக்குமேல் போகிறது. பின்னால் நின்றால் வலையைத் தாண்டியதும் தாண்டாததுமாக விழுந்து செத்துப் போகிறது. பந்து தரையில் பட்டு எழும்பும் அந்தக் கணத்திலேயே, அது முழங்கால் உயரம் வருமுன், மட்டையை அதன் கீழே கொடுத்து ஏந்தி அனுப்பும் அடி ஒன்று உண்டு. கை கொஞ்சம் பிசகினாலும் பந்து வலையிலேதான். அதை அவர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற லாகவத்தோடு செய்தார். அரைமணி நேரத்துக்குள் எதிராளியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. இவருக்கோ நெற்றியில் மட்டுமே வியர்வை. அவர் பந்தை அடிக்கவே இல்லை, வைத்தார். கோலத்தில் புள்ளி வைப்பதுபோல், எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்தார்.

அவருடைய சர்வீஸ் வலிமையற்றது என்று விமர்சகர்கள் சொல்லாத வருஷம் இல்லை. அது மெய்தான், புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கி விரையும் விம்பிள்டனில் அதற்கு அவர் விலை கொடுத்தார் என்பதும் மெய்தான். ஆனால் அந்தக் குறையைத் தெரிந்துகொண்டபின் எனக்கு அவர்மேல் பிரியம் அதிகமாயிற்றேயன்றிக் குறையவில்லை. கணக்கில் மந்தம் என்று வகுப்பில் பெயர் எடுத்தவன் நான். உலகத்தில் நான்கு பேரில் ஒருவராக நின்ற மனிதருக்கும் ஓர் அங்கம் சோடை என்பதும், அதை வைத்துக்கொண்டே அவர் அவ்வளவு தூரம் போனார் என்பதும், கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை என்னைப் போன்றவர்களே அறிவார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர், பெரிய ஆட்டக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி ஊர் ஊராக ஆடவைக்கும் கம்பெனி ஒன்று நடத்திவந்தார். அவர் பெருந்தொகை கொடுத்துக் கிருஷ்ணனை அழைத்தார், கிருஷ்ணன் போகவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைத் துறவு என்றும் தியாகம் என்றும் கொண்டாடி, எங்களுக்குப் புத்தி சொல்லும்போதெல்லாம் இதையே எடுத்துக்காட்டினார்கள். எனக்கு அதில் பூரண சம்மதம் இல்லை. கூலிக்கு ஆடுகிறவர்களுக்கு அக்காலத்தில் விம்பிள்டனிலும் இடமில்லை, டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. 1968-இல்தான் அந்த வேலி விம்பிள்டனில் அகற்றப்பட்டது. நாட்டுக்காக ஆடுவது ஒருவருக்குப் பிடித்திருந்தது. ஆகவே அதையே ஆடினார். அதைத் துறவென்று சொல்லி அவர் தலைமேல் ஜடாமுடி வைப்பானேன்? கூலி வாங்கி ஆடியவர்கள் அதனால் தாழ்ந்தவர்கள் ஆகிவிடவும் இல்லை.

1962-இல் விம்பிள்டன் வரிசையில் அவருக்கு நான்காவது இடம். அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் அதுவே. கணுக்கால் காயத்தினால் பந்தயத்தின் நடுவிலேயே விலகினார். அந்தச் செய்தியை நான் வெட்டவில்லை.

அதன்பின் நான் பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதிக்குப் போனேன். 1966-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் கல்கத்தாவில் இந்தியாவும் பிரேஸிலும் மோதின. ஜயித்தவர் டேவிஸ் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடலாம். இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, ஐந்தாவது ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் காக் என்பவருக்கும் அமைந்தது. காக்கும் இடக்கைக்காரர்! எங்கள் விடுதியில் சமையற்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. தோசை வார்த்துக்கொண்டே பத்திரிகையைப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம். அன்று காலை முடிவைத் தலைப்பில் பார்த்துவிடக் கூடாதென்று தலைப்பைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, செய்தியை முதலிலிருந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் செட் காக்குக்கு. இரண்டாவது நமக்கு. மூன்றாவது செட் 10–12 என்று நீண்டு, அதுவும் காக்குக்கே போயிற்று. நான்காவதில் காக் 5–2 என்று முன்னால் நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு கேமை எடுத்தால் எல்லாம் தீர்ந்தது.

‘அவ்வளவுதானா?’ என்றார் சமையற்காரர். கல்லின்மேல் இருந்த தோசை கருகும் வாசனை வந்தது, அவர் திருப்பவில்லை. நான் மேலே படித்தேன். 5–2 என்பது 5–3 ஆயிற்று, பிறகு 5–4, பிறகு சமம். 7–5 என்று அந்த செட்டைக் கிருஷ்ணன் பிடுங்கிக்கொண்டார். ஐந்தாவதை 6–2 என்று முடித்தார். சென்னையில் நான் கண்ணால் கண்டிருந்தபடியால், 5–2-க்குப் பிறகு வந்த அந்த ஐந்து கேம்களும் எப்படி நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் வேகத்தைக் கூட்டியிருக்கமாட்டார். முதல் செட்டில் எங்கே வைத்தாரோ அங்கேயே வைத்திருப்பார். எதிராளியின் கைதான் வெற்றியின் வாசலில் நடுங்கியிருக்கும்.

‘அந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு?’ என்று சமையற்காரர் கேட்டார்.

‘நாகர்கோவில்லே பிறந்தவர்.’

‘அப்ப நம்ம பக்கம்லா?’ என்று சொல்லி, கருகிய தோசையை எடுத்துத் தம் தட்டில் போட்டுக்கொண்டு, எனக்கு வேறு ஒன்று வார்த்தார்.

அந்த மாதக் கடைசியில் மெல்பர்ன் நகரத்தில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். விடுதிக்கு விடுமுறை, ஊரில் அதே வாசகசாலையில், அதே மேஜையில் உட்கார்ந்து அச்செய்திகளைப் படித்தேன். காரியஸ்தர் கண் பார்வை மங்கி வீட்டோடு இருந்தார். ஒற்றையர் ஆட்டம் நான்கிலும் நாம் தோற்றோம். இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, நியூகோம்ப், ரோச் என்னும் ஜோடியை வென்றார்கள்; முந்தின வருஷம் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்ற ஜோடி அது. ரோச்சும் இடக்கை என்பதைப் படித்தபோது, கிணற்றடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் ஞாபகம் வந்தது. அவன் அப்போது தூத்துக்குடியில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தான். அன்றே அவனுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை.

ஜனவரியில் விடுதி திறந்தது. முதல் நாள் காலையில் அடுக்களைக்குள் நுழைந்ததுமே சமையற்காரர், ‘நம்ம பிள்ளை என்ன ஆச்சு?’ என்றார்.

‘ஒண்ணு ஜெயிச்சாங்க’ என்றேன்.

‘மொத்தம் எத்தனை?’

‘அஞ்சு.’

அவர் கரண்டியை மாவுக்குள் விட்டுச் சிறிது நேரம் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, ‘அந்த ஒண்ணை மொதல்லேருந்து படி’ என்றார். பத்திரிகை என்னிடம் இல்லை. ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.